டெங்கு எப்படிப் பரவுகிறது, அதை எப்படித் தேடிப் பிடிக்கிறோம்? மட்டக்களப்பு வீட்டு வாசல்களில் கேட்ட கேள்விகள்

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, ஊர் வழக்கில் சொன்னால் பி.எச்.ஐ. ஆக, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள எழுவான்கரையில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வாடை மழை இறங்கிவிட்டால் இன்றைக்கும் என் தொலைபேசி ஓயாது. பிள்ளைக்குக் காய்ச்சல், என்ன செய்ய? பக்கத்து வீட்டில் டெங்காம், எங்களுக்கும் வருமா? ஏன் எங்கள் வளவுக்குள் வந்து பார்க்கிறார்கள்? கேற்றடியில் நின்று சனம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வைத்தியம் வைத்தியரிடம்தான். நோய் எந்த வழியால் வருகிறது, அதன் பின்னால் நாங்கள் எப்படிப் போகிறோம் என்பதுதான் என் தொழில்.

மழை தொடங்கியதும் மட்டக்களப்பில் டெங்கு கூடுகிறது. கொழும்பில் வேறு மாதத்தில் கூடுகிறதே, ஏன்?

நமக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகை மார்கழியில் கொட்டி, தையில் ஓயும். கச்சான் காற்று வீசிய மாதங்களில் காய்ந்து கிடந்த சிரட்டை, டயர், உடைந்த பானை எல்லாம் ஒரு கிழமைக்குள் நிறைந்துவிடும். கொழும்பு, கம்பஹாப் பக்கத்துக்குத் தென்மேல் பருவக்காற்று மழை கொண்டு வருகிறது. அங்கே ஜூன், ஜூலையில் நோயாளர் கூடுவார்கள். நமக்கு டிசெம்பர், ஜனவரி, பெப்ரவரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெங்கு நுளம்பு சில நூறு மீற்றருக்கு மேல் பறப்பது அரிது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வைரஸைக் கொண்டு வருவது நுளம்பு அல்ல, உதயதேவி ரயிலிலும் இரவு பஸ்ஸிலும் வந்து இறங்கும் மனிதர்கள். பெருநாளுக்கு, தைப்பொங்கலுக்கு, பள்ளிக்கூட விடுமுறைக்கு வருபவர்களின் உடம்பில் அது வருகிறது. அவர்களில் பலருக்குக் காய்ச்சலே இருக்காது. டெங்கு தொற்றிய நான்கு பேரில் மூன்று பேருக்கு நோய் வெளியே தெரிவதில்லை. ஆனாலும் அவர்களைக் கடிக்கும் நுளம்புக்கு வைரஸ் போய்ச் சேரலாம்.

காய்ச்சல்காரரைத் தொட்டால், அவர் குடித்த கோப்பையில் குடித்தால் தொற்றுமா?

தொற்றாது. நடுவில் ஒரு நுளம்பு வேண்டும். கோப்பையைப் பிரிக்க வேண்டாம், பாயைப் பிரிக்க வேண்டாம். வலையை மட்டும் மறக்க வேண்டாம், பகலிலும். காய்ச்சல்காரரைப் பகலில் வலைக்குள் படுக்கவைப்பது அவரைக் காப்பாற்ற மட்டுமல்ல. அவரைக் கடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் நுளம்பைத் தடுப்பதற்கும்தான்.

நுளம்பு கடித்து எத்தனை நாளில் நோய் வரும்?

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். இந்தக் கணக்குப் புரிந்தால் மற்ற எல்லாம் புரியும்.

டெங்கு உள்ளவரின் இரத்தத்தில் வைரஸ் இருப்பது காய்ச்சல் தொடங்க ஒன்றிரண்டு நாள் முன்னிருந்து, காய்ச்சல் விடும் வரைக்கும். அந்த நாட்களில் ஒரு பெண் நுளம்பு அவரைக் கடித்தால் வைரஸ் அதன் வயிற்றுக்குள் போகிறது. உடனே அந்த நுளம்பால் யாருக்கும் நோய் கொடுக்க முடியாது. வயிற்றிலிருந்து வைரஸ் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர 8 முதல் 12 நாள் எடுக்கும். அதன் பிறகு அந்த நுளம்பு சாகும் வரைக்கும் கடிக்கிற ஒவ்வொருவரும் ஆபத்தில்தான். இந்த நுளம்பு ஒரே ஆளிடம் வயிறு நிரம்பக் குடிப்பதும் இல்லை. கை அசைந்தால் எழும்பிப் பக்கத்தில் இருப்பவரிடம் போகும். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரே கிழமையில் படுப்பது அதனால்தான்.

கடிபட்டவருக்கு 4 முதல் 7 நாளில் காய்ச்சல் வரும். சிலருக்கு 3 நாளிலும் வரும், 14 நாள் போயும் வரும். பிறகு இரண்டு நாள் பனடோல், மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை, அதற்கடுத்து வார்டு.

கூட்டிப் பாருங்கள். இன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் காணும் நோயாளி, ஏறத்தாழ மூன்று கிழமைக்கு முன்னால் வேறொருவரைக் கடித்த ஒரு நுளம்பின் முடிவு. நாங்கள் எந்நேரமும் மூன்று கிழமை பிந்தித்தான் ஓடுகிறோம். அதற்கு மேல் ஒரு நாள் பிந்தினாலும் அது பெரிய நட்டம்.

எங்கள் வீட்டில் அழுக்குத் தண்ணீர் இல்லையே. எப்படி நுளம்பு வரும்?

டெங்கு நுளம்பு தேடுவதே அழுக்கில்லாத தண்ணீரை. கானில் பெருகுவது வேறு நுளம்பு. ஈடிஸ் எனப்படும் இந்த நுளம்பில் நம் நாட்டில் டெங்கு பரப்பும் இனம் இரண்டு. ஈடிஸ் எஜிப்தி வீட்டுக்குள்ளும் வீட்டோடும் வாழ்கிறது; ஈடிஸ் அல்பொபிக்டஸ் செடி கொடி, வளவு ஓரம். இரண்டுக்கும் கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு. இரண்டும் பகலில் கடிப்பவை, அதிலும் காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக.

பெண் நுளம்பு முட்டை இடுவது தண்ணீரில் அல்ல, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில். பார்வைக்கு மிளகுத்தூள் ஒட்டினாற்போல் இருக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை சாகாது. மாதக் கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் வேலை பாதிதான் முடிந்தது. தும்பால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை பொரித்துக் குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். கிழமைக்கு ஒருதரம் வளவைப் பாருங்கள் என்று நாங்கள் தொண்டை வற்றச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஒரு முறை கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். முற்றம் கண்ணாடி போல் கூட்டிக் கிடந்தது. பிள்ளை வார்டில். பீலி பார்த்தேன், பூச்சாடி பார்த்தேன், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வளவின் கடைசியில் மூடியில்லாத பழைய கிணறு ஒன்று. "மனே, அந்தக் கிணத்த நாங்க பாவிக்கிறல்ல, அதுக்குள்ள என்ன கிடக்கப் போவுது" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா. கிணற்றுக்குள் இருட்டு. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருப்பேன். வெயிலை அதில் வாங்கி உள்ளே திருப்பினேன். வெளிச்ச வட்டம் தண்ணீரில் விழுந்ததும் மேலே தொங்கிக்கொண்டிருந்த குடம்பிகள் நெளிந்து நெளிந்து கீழே ஓடின. ஈடிஸ் குடம்பி தலைகீழாகத் தொங்கும், வெளிச்சம் பட்டால் ஒளியப் பார்க்கும். வாளியில் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பெரியம்மாவுக்குக் காட்டினேன். அவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அந்தக் கிணற்றுக்கு வலை மூடி போட்டிருந்தார்கள். பாவிக்கும் கிணறாக இருந்தால் கப்பி மீன் விடலாம், குடம்பியை அது தின்று தீர்க்கும்.

கடலோரம், உவர்த் தண்ணீர். அதில் நுளம்பு வராதுதானே?

நாங்களும் முந்தி அப்படித்தான் நம்பினோம். 2011இல் வெளியான ஒரு ஆய்வு அந்த நம்பிக்கையை மாற்றியது. யாழ்ப்பாணம் உள்ளிட்ட நம் கரையோரங்களில், கைவிடப்பட்ட வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள், எறிந்த போத்தல்களில் தேங்கிய உவர் கலந்த தண்ணீரிலும் இந்த இரண்டு இன ஈடிஸின் குடம்பிகளும் வளர்வதைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே கரையில் ஏற்றி வைத்த பழைய வள்ளத்தைக் கவிழ்த்துப் போடுங்கள். வாவியில் பயமில்லை, திறந்த, அலையடிக்கும், மீன் உள்ள தண்ணீரில் ஈடிஸ் முட்டை இடாது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில்?

வயல் தண்ணீரில் பெருகுவது வேறு இனங்கள். ஆனால் வாடியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்த பெரல், உழவு இயந்திரத்தின் கழற்றிப் போட்ட டயர், எறிந்த தயிர்ச் சட்டி, இவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒருவருக்கு டெங்கு என்று அரசாங்கத்துக்கு எப்படித் தெரியவருகிறது?

டெங்கு இந்த நாட்டில் 1996 முதல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். இதற்குப் பின்னால் இருப்பது 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். டெங்கு என்று வைத்தியர் சந்தேகப்பட்ட உடனே, இரத்த முடிவுக்குக் காத்திராமல், ஒரு அட்டை நிரப்ப வேண்டும். அதன் பெயர் எச் 544. நோயாளியின் பெயர், வயது, காய்ச்சல் தொடங்கிய திகதி, வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம் அதில் இருக்கும்.

அந்த அட்டை நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு, நாம் எம்.ஓ.எச். ஒபிஸ் என்கிறோமே, அங்கே போகும். பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து டெங்கு விபரம் கணினி வழியாகவும் போகிறது. அங்கே பதிந்து அந்தப் பகுதிப் பி.எச்.ஐ. கையில் கொடுப்பார்கள். அவர் வீட்டுக்குப் போய் விசாரித்து எச் 411 என்ற படிவத்தை நிரப்புவார். ஒரு கிழமையில் வந்தவை எல்லாம் எச் 399 என்ற வாராந்தக் கணக்கில் ஏறி, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கும் கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கும் போகும். அவர்கள் அதை வாராந்த அறிக்கையாக வெளியிடுகிறார்கள், யாரும் வாசிக்கலாம். அதில் ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் நேரே, எத்தனை வீதம் கணக்கு நேரத்துக்கு வந்தது என்பதும் இருக்கும். எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் அந்த நிரலையும் பாருங்கள். கணக்குப் பிந்திய கிழமையில் எண் குறைந்து தெரியும். நோய் குறைந்தது என்று எடுத்துவிடக் கூடாது.

அம்பாறை மாவட்டம் ஒன்றுதான். அறிக்கையில் ஏன் அம்பாறை என்றும் கல்முனை என்றும் இரண்டு வரி?

சுகாதாரத் திணைக்களத்துக்கு அவை இரண்டு பிராந்தியம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் முதலிய கரையோர ஊர்கள் கல்முனைப் பிராந்தியத்தில் வரும். நாட்டில் மாவட்டம் 25, இந்த அறிக்கையில் வரி 26. மாவட்ட எண்ணிக்கை வேண்டுமென்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். அம்பாறை வரியை மட்டும் பார்த்து "நம்ம பக்கம் குறைவு" என்று கரையோரத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

பி.எச்.ஐ. வந்து எங்கே போனீர்கள், எங்கே வேலை, பிள்ளை எந்த டியூசன் என்றெல்லாம் ஏன் கேட்கிறார்?

டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது என்று சொன்னேன் அல்லவா. காய்ச்சலுக்கு முந்திய இரண்டு கிழமையில் நோயாளி பகல் பொழுதைக் கழித்த இடங்களில் ஒன்றில்தான் அந்த நுளம்பு இருக்கிறது. வீடாக இருக்கலாம். பள்ளிக்கூடம், டியூசன் கொட்டில், கோயில், பள்ளிவாசல், கடை, கட்டட வேலை நடக்கும் இடம், எதுவாகவும் இருக்கலாம். ஒரே டியூசனுக்குப் போன மூன்று பிள்ளைகள், மூன்று வேறு வேறு ஊர். வீடுகளைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கேள்வி கேட்டால்தான் அந்தக் கொட்டிலின் கூரையில் போட்டிருக்கும் தண்ணீர் தேங்கிய டயர் அகப்படும்.

என் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் உண்டு. கொழும்பில் வேலை செய்த இளைஞர் ஒருவர் காய்ச்சலோடு வந்து, கல்லடிப் பக்கம் அக்கா வீட்டில் தங்கினார். வார்டில் விலாசம் கேட்டபோது அடையாள அட்டையை நீட்டியிருக்கிறார். அதில் இருந்தது அம்மாவின் ஊர், வேறு எம்.ஓ.எச். பிரிவு. அறிவித்தல் அட்டை அங்கே போனது. அங்கே இருந்த பி.எச்.ஐ. தேடிப் போனால் வீடு பூட்டு. அயலில் விசாரித்து, தொலைபேசி எடுத்து, அட்டை என் மேசைக்கு வந்து சேர ஆறு நாள். அக்கா வீட்டுக்கு நான் போனபோது கொழும்பிலிருந்து வந்த வைரஸ் அந்த ஒழுங்கை நுளம்பில் ஏறி முடிந்திருந்தது. பின்வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பிடித்தது அடுத்த கிழமை. அந்தப் பிள்ளைகள் தேறி வந்தார்கள். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் அவர்களின் தாய் தரையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த இளைஞர் யாரையும் ஏமாற்றவில்லை. எந்த விலாசம் வேண்டும் என்று அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

ஆகவே கையெடுத்துக் கேட்கிறேன். வார்டில் கேட்கும் விலாசம், நீங்கள் காய்ச்சலோடு படுத்திருந்த வீட்டின் விலாசம். அடையாள அட்டை விலாசம் அல்ல. ஒழுங்கையின் பெயர், பக்கத்தில் உள்ள கோயிலோ கடையோ, எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம், இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொரோனாவுக்குச் செய்தது போல வீட்டாரைத் தனிமைப்படுத்துவதில்லையே, ஏன்?

கொரோனா மூச்சு வழியாக ஆளிடமிருந்து ஆளுக்கு வருவது. அங்கே பட்டியல் எடுப்பது ஆட்களை. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் பரவிய தொற்று, அங்கே போய் வந்த வியாபாரிகளோடு வாழைச்சேனைக்கு வந்தது; நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையைச் சுற்றிப் பெரிய பரவல். யார் யாரோடு நின்றார், எந்த லொறியில் வந்தார், யார் வீட்டில் சாப்பிட்டார் என்று ஆள் ஆளாகத் தேடினார்கள், ஊர்களை மூடினார்கள்.

டெங்குவில் பட்டியல் எடுப்பது ஆட்களை அல்ல, இடத்தை. நோயாளியின் வீட்டை நடுவில் வைத்துச் சுற்றிவர ஏறத்தாழ 200 மீற்றருக்குள் உள்ள வீடுகளும் வெறும் வளவுகளும்தான் எங்கள் தொடர்பாளர்கள். அந்த வட்டத்துக்குள் வெளிநாட்டுக்குப் போனவர் பூட்டி வைத்த ஒரு வீடு போதும், எங்கள் வேலை முழுவதும் வீணாக. சாவி வைத்திருக்கும் உறவினர்கள் மாதம் ஒருதரம் போய் விளக்கு வைப்பதோடு நிற்காமல், கிழமைக்கு ஒருதரம் மொட்டை மாடியையும் கக்கூஸ் கொமட்டையும் பார்த்தால் பெரிய உபகாரம்.

வீட்டுச் சுட்டி, பிரட்டோ சுட்டி என்று பத்திரிகையில் வருகிறதே?

உதாரணத்துக்கு ஒரு கிராம சேவகர் பிரிவில் 100 வீடு பார்த்தோம் என்று வையுங்கள். 8 வீட்டில் குடம்பி. வீட்டுச் சுட்டி 8. அந்த 8 வீட்டிலும் சேர்த்துக் குடம்பி இருந்த பாத்திரங்கள் 14. பிரட்டோ சுட்டி 14. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். ஒரே வீட்டில் ஏழு பாத்திரம் இருந்தால் அந்த ஒழுங்கைக்கே அந்த வீடு ஒரு நுளம்புப் பண்ணை. நோயாளர் கூடுவதற்கு முன்னமே இந்த எண்கள் கூடும். காய்ச்சல் எண்ணிக்கை மூன்று கிழமை பழையது. குடம்பி எண்ணிக்கை வரப்போகும் கிழமையைச் சொல்வது. மழைக்கு முன்னால் வீடு வீடாக வருகிறவர்களைக் கேற்றுக்கு வெளியே நிறுத்தி வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

புகை அடித்தால் போதாதா?

புகை பறக்கிற நுளம்பை மட்டும் கொல்லும். முட்டைக்கும் குடம்பிக்கும் ஒன்றும் ஆகாது. இரண்டு நாளில் புதிய நுளம்பு பறக்கும். நோயாளி இருந்த வீட்டைச் சுற்றி, வைரஸ் ஏறிய நுளம்பை உடனே கொல்ல அது உதவும், அவ்வளவுதான். அடிக்கிற நேரம் கதவையும் யன்னலையும் சாத்தி வைத்தால் அந்தப் பயனும் இல்லை. சாப்பாட்டை மூடிவிட்டு, குழந்தைகளையும் இழுப்பு வருத்தக்காரரையும் அப்பால் அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து விடுங்கள். புகை வண்டி வரவில்லை என்று சண்டை பிடிக்கிற நேரத்துக்கு வளவைச் சுற்றினால் ஊருக்கு நல்லது.

இரத்தம் சோதித்தோம், டெங்கு இல்லை என்றார்கள். நம்பலாமா?

எந்த நாளில் எந்தச் சோதனை என்பதைப் பொறுத்தது. என்.எஸ்.1 எனப்படும் சோதனை காய்ச்சலின் முதல் சில நாளில் வைரஸின் ஒரு புரதத்தைத் தேடுவது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு தவறவிடலாம். ஐ.ஜி.எம். சோதனை உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது; ஐந்தாம் நாளுக்கு முன் அது இருக்காது. இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டுவிட்டால் முழுக் குருதிக் கணக்கு, சனம் எப்.பி.சி. என்று சொல்வது, செய்தே ஆக வேண்டும். பிறகு வைத்தியர் சொல்கிறபடி தினமும். கர்ப்பிணிகள் மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. முதல் நாளே ஆஸ்பத்திரி.

காய்ச்சல் விட்டுவிட்டது. இனிப் பயமில்லைதானே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை. டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் எரிக்கும் நேரம் அல்ல, காய்ச்சல் இறங்கும் நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில். சிலருக்கு அந்த நேரத்தில் இரத்தக் குழாயின் சுவர் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் இறங்கும். இது 24 முதல் 48 மணித்தியாலம் நடக்கும். வெளியே பார்த்தால் உடம்பு குளிர்ந்திருக்கும், பிள்ளை "பரவாயில்லை" என்று சொல்லும், வீட்டார் குளிக்க வார்ப்பார்கள். உள்ளே இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும்.

விடாத வயிற்று நோவு, திரும்பத் திரும்ப வாந்தி, கை கால் குளிர்தல், தலை சுற்று, மயக்கம், என்றும் இல்லாத சோர்வு அல்லது அமைதியின்மை, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பாக மலம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை, இவற்றில் ஒன்று கண்டாலும் நடுச்சாமம் என்றாலும் வாகனம் பிடியுங்கள். விடியட்டும் என்று இருந்தவர்களை நான் அறிவேன். குருதிச் சிறுதட்டு, அதாவது பிளேட்லெட், ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் நோவு எதுவும் இல்லாவிட்டாலும் வார்டில் இருக்க வேண்டும்.

என்ன மருந்து கொடுக்கலாம்? பப்பாசி இலைச் சாறு?

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், அதற்கு மேல் இல்லை. காய்ச்சல் குறையவில்லை என்று பாமசியில் புரூபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவை இரத்தப் போக்கைக் கூட்டும். வெறும் தண்ணீராக ஊற்றாமல் கஞ்சி, இளநீர், ஜீவனி, பழச்சாறு, பால் கொடுங்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். வாந்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று வைத்தியரால் பிரித்தறிய முடியாது.

பப்பாசி இலை டெங்குவைக் குணமாக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அதைவிடப் பெரிய கவலை, சாற்றைக் கொடுத்துவிட்டு வீட்டில் வைத்திருப்பது. கசப்பில் பிள்ளை வாந்தி எடுத்தால் உள்ள நீரும் போகும்.

ஒருமுறை வந்தால் திரும்ப வராதா?

டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்தால் அந்த வகை திரும்ப வராது. மற்ற மூன்றும் வரலாம், இரண்டாம் முறை வேறு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்புக் கூடுதல். முதல் தடவை உண்டான எதிர்ப்புப் பொருள் புதிய வகையை அழிக்காமல் ஒட்டிக்கொண்டு, அது கலங்களுக்குள் நுழைய வழி செய்துவிடுவதுதான் காரணம்.

2017இல் நாடு பட்டதும் இதனால்தான். முந்திய வருடங்களில் அதிகம் சுற்றாத இரண்டாம் வகை மேலெழுந்தது. எதிர்ப்பு இல்லாத சனம் நிறைய. அந்த ஒரு வருடத்தில் 186,101 பேர் பதிவானார்கள், 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடம் கிழக்கில் முதலில் அடி வாங்கியது கிண்ணியா. மார்ச் மாதம் அங்கே பள்ளிக்கூடங்களை மூடிச் சிரமதானம் செய்தார்கள். எந்த வகை சுற்றுகிறது என்று ஆய்வுகூடங்கள் இரத்த மாதிரிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பது, அடுத்த மாற்றத்தை முன்கூட்டி அறியத்தான்.

சிக்குன்குனியாவும் இதே நுளம்பா?

இதே நுளம்பு. 2006 கடைசியில் மட்டக்களப்பு, கல்முனை உட்படப் பல இடங்களில் அது பரவியபோது மூட்டு நோவால் நடக்க முடியாமல் ஊர் ஊராகப் படுத்துக் கிடந்ததை வயதானவர்கள் மறக்கமாட்டார்கள். உயிர்ச்சேதம் அதில் அரிது, நோவு மாதக் கணக்கில். மூட்டு நோவு என்பதால் சிக்குன்குனியா என்று நீங்களே முடிவெடுத்து நோவு மாத்திரை போடாதீர்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பரசிட்டமோல்தான்.

தடுப்பூசி?

நம் நாட்டின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் டெங்குக்கு இல்லை.

குடம்பி கண்டால் வழக்குப் போடுவார்களா?

போடலாம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. முதலில் அறிவித்தல், துப்புரவாக்க அவகாசம், பிறகு நீதிமன்றம். என் காலத்தில் வழக்குக்குப் போனது பெரும்பாலும் கட்டட வேலைத் தளங்களும் பூட்டிய வளவுகளும்தான். ஏழை வீட்டில் தண்ணீர் சேர்த்து வைப்பது குழாய் ஒழுங்காக வராததால். அங்கே மூடி ஒன்றைத் தேடிக் கொடுப்பதுதான் முறை என்று நான் நினைத்தேன், அப்படியே செய்தேன்.

தனியார் வைத்தியரிடம் காட்டி வீட்டிலேயே இருக்கிறோம். பி.எச்.ஐ. இன்னும் வரவில்லை. என்ன செய்வது?

தனியார் வைத்தியரும் அறிவிக்கக் கடமைப்பட்டவர். எல்லோரும் அனுப்புவதில்லை, இதைப் பல வருடம் மனவருத்தத்தோடு பார்த்தேன். அட்டை அனுப்பினீர்களா என்று அவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அனுப்பவில்லை என்றால் நீங்களே உங்கள் பகுதி எம்.ஓ.எச். ஒபிஸுக்குப் போங்கள், அல்லது தொலைபேசியில் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம், கிராம சேவகரிடம் சொன்னாலும் செய்தி போகும். பெயர், தங்கியிருக்கும் வீடு, காய்ச்சல் தொடங்கிய திகதி, அதற்கு முந்திய இரண்டு கிழமையில் பகலில் இருந்த இடங்கள், இந்த நான்கையும் ஒரு கடதாசியில் எழுதி வைத்திருங்கள். காய்ச்சல்காரரால் பேச முடியாத நேரத்தில் வீட்டில் நிற்பவர் அதை எடுத்து நீட்டலாம். பி.எச்.ஐ. வரும் வரை நிற்க வேண்டாம். அன்றைக்கே காய்ச்சல்காரரை வலைக்குள் விட்டு, ஒரு ஆள் உங்கள் வளவுக்கும் இன்னொரு ஆள் பின்வேலிக்கு அப்பால் உள்ள வளவுக்கும் போங்கள். பின்வீட்டாரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், எங்கள் பிள்ளைக்கு டெங்கு, உங்கள் பிள்ளைகளைக் கவனியுங்கள் என்று.